கறுப்புக் கட்டத்து மேல

பொழுதுபோக்குன்னு மட்டும் சொல்லாதீங்க டாக்டர், கேட்டாலே குமட்டுது. பொழுது போறதுக்கா ஒரு பொம்பளை விடிஞ்சும் விடியாம பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டு பல்லைக் கடிப்பா? நீங்க நினைக்கற மாதிரி மரம் மூணெழுத்து, பறவை நாலெழுத்துங்கற குறுக்கெழுத்து இல்ல இது. ஒவ்வொரு குறிப்பும் நம்மள ஏமாத்தறதுக்குன்னே எழுதறது.

என் கண்ணா? என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல. நான் பதினொண்ணாம் நம்பர் டோக்கன். பன்னெண்டு எங்க வீட்டுக்காரரு, வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காரு. டிரைவருங்களுக்கு வருஷா வருஷம் எழுதிக் குடுப்பீங்கல்ல, கண்ணு சரியா இருக்குன்னு, அதுக்குத்தான் வந்திருக்காரு. எனக்குக் கண்ணாடி மாத்தணும்னு பொய் சொல்லிட்டு அவருக்கு முந்தின டோக்கன் வாங்கினேன். கதவு நல்லா சாத்தியிருக்கில்ல? சரி.

வந்துட்டேன், விஷயத்துக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன். இதைச் சொன்னாதான் அது புரியும்.

முப்பத்தோரு வருஷமா எங்க வீட்டுக்கு ஒரே பேப்பர் ரெண்டு வருது. புருஷன் பொண்டாட்டிக்குள்ள பேச்சுவார்த்தை இல்லையாம்மான்னு பேப்பர் போடறவரே கேட்டாரு. போட்டி டாக்டர், வேறென்ன. காலையில அஞ்சரைக்கு சமையக்கட்டு மேஜையில எதிரெதிரே உக்காருவோம். பேனாவுலதான் எழுதணும், பென்சில் ஆகாது. முதல்ல முடிச்சவங்க பேப்பரைக் கவுத்துப் போட்டு மேஜையில ரெண்டு தட்டு தட்டணும். தோத்தவங்க எழுந்து போய் டீ போடணும். கவுத்த பேப்பரைத் திருப்பிப் பாக்கக் கூடாது. திருத்தறதுக்கு நாம என்ன வாத்தியாரான்னு அவரு கேப்பாரு. நானும் பெருந்தன்மையா தலையாட்டினேன். அந்தச் சட்டம்தான் என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுது.

புதிர் போடற படுபாவி ஒருத்தன் இருக்கான், கொடுக்குன்னு பேரு போட்டுக்குவான். நேர்ல பாத்தா செருப்பைக் கழட்டுவேன். ஒரு நாள் பூரா மண்டையைக் குடைய விடுவான், மறுநாள் விடையைப் பாத்தா சீன்னு இருக்கும், இதுக்கா நான் அடுப்புல பாலைப் பொங்க விட்டேன்னு தோணும். ஆனா பாருங்க, பத்து நாளைக்கு ஒண்ணு போடுவான். தலை போனாலும் முளைக்கும் பாட்டு, மூணெழுத்து. சொல்லுங்க பாப்போம். தெரியலல்ல? கவிதை. பாட்டுதானே? தலையெழுத்தை வெட்டுங்க, விதை. முளைக்குமா முளைக்காதா? அது பிடிபட்ட நிமிஷம் இருக்கே, தனியா நின்னு கை தட்டினேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மீதி ஒம்போது நாள் அசிங்கத்தையும் சகிச்சுக்கறது.

ஆறு மாசமா அவருதான் ஜெயிக்கறாரு. தினம். நான் மூணாவது குறிப்புல மாட்டிக்கிட்டு முழிக்கறப்போ டக் டக்குன்னு தட்டிடுவாரு. பத்தே நிமிஷம். எனக்கு என் மேலயே வெறுப்பு வந்துடுச்சு டாக்டர். மூளை மழுங்கிடுச்சு, இனிமே நீ டீ போடத்தான் லாயக்குன்னு என்னையே திட்டிக்கிட்டு, நூத்தெம்பது நாள் டீ போட்டேன். அவரு அதை உறிஞ்சிக் குடிக்கற சத்தம் கேட்டா உடம்பெல்லாம் எரியும்.

போன புதன்கிழமை காய்கறித் தோலைச் சுத்திப் போட பழைய பேப்பர் ஒண்ணு உருவினேன். அவரோடது. புதிர் பக்கம் மேல இருந்துது. கண்ணு போகத்தானே செய்யும்? கட்டம் பூரா க, ப, க, ப, ட, ட. ஒரு வார்த்தை கிடையாது. வாய்க்கு வந்த எழுத்தை ரொப்பி வெச்சிருக்காரு மனுஷன்.

சீ! அப்படி ஒரு அருவருப்பு எனக்கு. முப்பத்தோரு வருஷ விளையாட்டு, ஒரு டம்ளர் டீக்கு என்னை ஏமாத்தியிருக்காரே. இன்னைக்கு இவரை உண்டு இல்லைன்னு பண்ணிடணும்னு கட்டு மொத்தத்தையும் இழுத்துப் போட்டுப் பிரிச்சேன். ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு மூலை மட்டும் குப்பை. அப்புறம் பாதி. அப்புறம் முழுசும். கடைசி ஒரு மாசத்துப் பேப்பரைப் பாக்கறப்போதான் கை நின்னுது. எழுத்தெல்லாம் கோடு தாண்டி நிக்குது டாக்டர். கறுப்புக் கட்டத்து மேலயே எழுதியிருக்காரு.

உங்களுக்குப் புரியாது. ஏமாத்தறவன்கூட வெள்ளைக் கட்டத்துலதான் எழுதுவான். கறுப்பு மேல எழுதணும்னா, அது கறுப்புன்னு தெரியாம இருக்கணும்.

கேக்காம இருப்பேனா? அவசரத்துல எழுதினேன்னாரு. சரின்னு விட்டுட்டேன். மறுநாள் அவரு குழாயடியில கை கழுவறப்போ, அன்னைக்குப் பேப்பர்ல வந்திருந்த அந்தக் கவிதைக் குறிப்பை வாயால படிச்சேன். சோப்பு நுரை போறதுக்குள்ள விடையைச் சொல்லிட்டு, இதுகூடத் தெரியாதான்னு சிரிச்சாரு. ஆக, மூளை கத்தி மாதிரி இருக்கு. எங்க வீட்டு கேட் தூண்ல வண்டி உரசின தடம் இருக்கு, கேட்டா வேற யாரோ உரசிட்டுப் போனாங்கன்னாரு. நானும் நம்பினேன்.

என்ன வண்டியா? ஸ்கூல் பஸ். முப்பத்தெட்டு பிள்ளைங்க. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. எல்லாம் பூனைக்குட்டி சைஸ்ல இருக்குங்க, இவரைத் தாத்தா தாத்தான்னு கூப்பிடுங்க. டெஸ்ட் முடியற வரைக்கும் லீவு போடுங்கன்னு திங்கக்கிழமையிலிருந்து காலைப் பிடிக்காத குறையா சொல்லி, இந்த வாரம் மட்டும் வீட்ல உக்கார வெச்சிருக்கேன். அந்த சர்ட்டிபிகேட் கைக்கு வந்தா நாளைக்கே ஓட்டப் போயிடுவாரு.

எப்படியும் டெஸ்ட் பண்ணத்தானே போறேன்னு கேக்கறீங்க. அதான், அங்கதான் வரேன். திங்கக்கிழமை டெஸ்ட் என்னைக்குன்னு கேக்க ரெண்டு பேரும் வந்தோம். இந்த ரூம் திறந்து கிடந்துது, நீங்க இல்ல. இவரு எட்டிப் பாத்து போன்ல ஒரு படம் எடுத்தாரு. எதுக்குன்னேன். சுவத்துக்கு அடிச்ச கலர் நல்லாருக்கு, நம்ம வீட்டுக்கும் அடிக்கலாம்னாரு. கலர் பாக்கற ஆளு! கல்யாணத்தன்னைக்கு நான் கட்டியிருந்த புடவை என்ன கலருன்னு இன்னிவரைக்கும் தெரியாது.

அன்னையிலேர்ந்து போனை மூக்குல ஒட்டி வெச்சுக்கிட்டு ஏதோ பெருசு பண்ணிப் பண்ணிப் பாக்கறாரு. ஷேவ் பண்றப்போ, செருப்பு மாட்டறப்போ, அதே வாக்கியங்க வரிசையா வாய்க்குள்ள ஓடுது, அதுல அஞ்சாவது இது. கண்ணு பழசு, தலை மட்டும் நல்லாருக்கு. கண்ணு பழசு, தலை மட்டும் நல்லாருக்கு. என்கிட்ட ஒத்துக்கத்தான் பாக்கறாரோ, எப்படிச் சொல்றதுன்னு ஒத்திகை பாக்கறாரோன்னு நினைச்சு ரெண்டு நாள் அழுதேன் டாக்டர். வாயைத் திறக்கட்டும்னு காத்திருந்தேன்.

நேத்து டீ கொதிக்கறப்போதான் விடை வந்துது. கை தட்டல.

நான் உள்ள வந்ததுலேர்ந்து அந்தச் சுவத்துக்கு முதுகைக் காட்டித்தான் உக்காந்திருக்கேன், பாத்தீங்கல்ல? திரும்பாமலே சொல்றேன். அந்த வாக்கியத்துல ஒவ்வொரு வார்த்தைக்கும் முதல் எழுத்தை மட்டும் எடுங்க. க. ப. த. ம. ந. சுவத்துல மாட்டியிருக்கற உங்க எழுத்து அட்டையில அஞ்சாவது வரி அதானே? மத்த வரிக்கும் ஒவ்வொரு வாக்கியம் வெச்சிருக்காரு, அதெல்லாம் என்னைப் பத்தி, உங்ககிட்ட சொல்ல முடியாது.

வேற அட்டை இருக்கா? இருந்தா இதைக் கழட்டிட்டு அதை மாட்டுங்க. யாரு சொன்னான்னு கேப்பாரு. நான்னு சொல்லிடுங்க, பரவாயில்ல. நான் வெளிய போய் அவரு எழுந்திருக்கறப்போ கையைப் பிடிச்சுக்கறேன், இந்த வாசப்படி அவருக்குத் தெரியாது. பன்னெண்டைக் கூப்பிடுங்க.