பொன்னுத்தாயிக்கு வாசிக்காத வரி

மருந்துச் சீட்டோ கல்யாணப் பத்திரிகையோ, எது கையில கிடைச்சாலும் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஆளு நான், டாக்டரம்மா. அதனால ஆபரேசன் முடிஞ்சு நீங்க குடுத்தனுப்புன தாளைப் படிக்கலைன்னு சொன்னா அது பொய்யாயிரும்.

என் வீட்டுக்காரி பொன்னுத்தாயிக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. ஆறு வருசம் அவளுக்கு எல்லாமே நான்தான் படிச்சேன். பேப்பர், பஸ் போர்டு, மக யோகலட்சுமி போன்ல அனுப்புற சேதி. அவ மனசுக்கு ஆகாததை விட்டுட்டுப் படிப்பேன். கோயம்புத்தூருக்கு வந்து தன்கூட இருக்கச் சொல்லி மக எழுதுனதை ஒருக்காலும் படிச்சதில்லை. எங்க ஊரு சாக்கோட்டையில எங்களை மாதிரிப் புருசன் பொண்டாட்டி இல்லைன்னு பேச்சு.

கார்த்திகையில வலது கண்ணுக்கு ஆபரேசன் பண்ணுனீக. நல்லாத்தான் பண்ணுனீக, குறை சொல்லலை. மார்கழியில நீங்க குடுத்த கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, போன்ல இருந்த பழைய சேதி அம்புட்டையும் படிச்சுட்டா. சண்டை போடலை. "நீங்க படிச்சது வேற, இதுல இருக்கறது வேற"ன்னு மட்டும் சொன்னா. மீசைக்கு அடிச்ச மை கன்னத்துல ஒட்டியிருக்குன்னு துண்டை நீட்டுனா. அப்புறம் எதையுமே என்கிட்டப் படிக்கக் குடுக்கலை.

பங்குனியில ஒருநாள் காலைல, கண்ணுக்குள்ள கொசு பறக்குது, ஓரத்துல மின்னல் வெட்டுதுன்னா. எழுத்து மேல புழுதி ஓடுதாம். உங்க தாளை எடுத்து நீட்டி, "நீங்களே படிங்க"ன்னா.

மூணு மாசம் கழிச்சுக் கேக்குறா. நிதானமாப் படிச்சேன். கண்ணுக்குள்ள இருக்கிற கூழ் சுருங்கி விலகும், கொசு பறக்குற மாதிரித் தெரியும், பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. அதுக்கடுத்த வரியில, மின்னல் வெட்டுனாலோ திரை விழுந்தாலோ அன்னைக்கே வரணும்னு இருந்துச்சு. அதைப் படிக்கலை. நான் பொய் சொல்லலை, பாருங்க. படிச்ச வரியெல்லாம் நீங்க எழுதுனதுதான்.

நாலாம் நாள் ஓரத்துல கருப்பாத் திரை இறங்குதுன்னா. திரும்பப் படிக்கச் சொன்னா. அதே வரியைப் படிச்சேன். பதினோராம் நாள் மக வந்து பார்த்துட்டு உங்ககிட்டக் கூட்டியாந்தா. விழித்திரை முழுசாப் பிரிஞ்சுருச்சு, இனி அந்தக் கண்ணுல பார்வை வராதுன்னீக.

ஏன் இம்புட்டுத் தாமதம்னு கேட்டீக, சொல்லிட்டேன். இப்ப அவ என் கையைப் பிடிச்சுத்தான் நடக்குறா. சந்தையில பாக்குறவுக, குடுத்து வச்சவங்குறாக.

இடது கண்ணு ஆபரேசனுக்கு நீங்க தேதி போட்டு அனுப்புன சீட்டையும் நேத்து அவளுக்குப் படிச்சுக் காட்டிட்டேன். இந்தக் கண்ணுக்கு வைத்தியமே இல்லைன்னு படிச்சேன். அழுதா. நான்தான் தொடச்சு விட்டேன். அந்தத் தேதிக்கு எங்களை எதிர்பார்க்காதீக. பாவம், இன்னொருக்கா அவ ஏமாந்து போறதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது.