வாசிக்காத குழாய்

எனக்குப் பேச்சுத்துணை அதிகம் வேண்டாம், ஐயா. தினம் ஒரு போன் வந்தால் போதும்.

மஹ்தியா துறைமுகத்து மீன் கிடங்கில் மாடி அறையில் நான், கணினியோடு தனியாக. கீழே மனூபியா, மீனை உறையவைக்கும் அம்மோனியா இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவள். இயந்திர அறைக் காற்றில் கசிந்த வாயு எவ்வளவு என்று கணினியில் ஓடும் ஒரு சின்னக் கட்டளை ஓயாமல் அளந்து சொல்லும். அதை வாங்கி அவள் திரையில் காட்டுவது நான் எழுதிய நிரல். கட்டளை சொல்வது நிரலுக்கு வந்துசேரக் கணினிக்குள் இரண்டு வழிகள்; குழாய்கள் என்போம். ஒன்றில் அளவு வரும், இன்னொன்றில் பிழைச்செய்திகள்.

பிழைக்குழாயை வாசிக்கும்படி எழுத மறந்துவிட்டேன். முதலில் மறதிதான். வாசிக்காத குழாய் நிரம்பிவிடும். நிரம்பினால் கட்டளை மேற்கொண்டு பேச முடியாமல் நின்றுவிடும்; திரையில் பழைய எண்ணே இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மனூபியா கூப்பிடுவாள்.

“அண்ணே, உங்க மெஷின் மறுபடியும் உம்முன்னு நிக்குது. மேல தூங்குறீங்களா?”

“முழிச்சுதாம்மா இருக்கேன். சாப்பிட்டியா?”

“டுனா வச்ச ரொட்டி. ஹரிஸ்ஸா மிளகா விழுது காரத்துல கண்ணுல தண்ணி கொட்டுது. உங்களுக்கும் ஒண்ணு குடுத்தனுப்பவா? சும்மா கேட்டேன், அனுப்பியாச்சு.”

அந்த வாரம் என்னோடு பேசிய ஒரே ஜீவன் அவள்தான். ரொட்டியை நெடுநேரம் வைத்துச் சாப்பிட்டேன்.

திருத்துவது ஒன்றும் பெரிய வேலையில்லை. திருத்தவில்லை. மேலாளர் கேட்டபோது பழைய சென்சார் மேல் பழியைப் போட்டேன். அவள் பேசி முடித்த பிறகே குழாயைக் காலி செய்வேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் கட்டளை நின்றதை என் திரையில் பார்த்தேன். இத்தனை வேகமாகக் குழாய் நிரம்பியதே இல்லை. வாசித்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும். ஆனால் வாசித்தால் கட்டளை ஓடிவிடும், ஓடினால் அவள் கூப்பிட மாட்டாள். தேநீர் போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இயந்திர அறைக் கதவைத் திறக்கும் முன் திரையைப் பார்ப்பது அங்கே வழக்கம். அவளும் பார்த்திருக்கிறாள். நின்றுபோன பழைய எண், பாதுகாப்பான எண். திறந்து உள்ளே போயிருக்கிறாள்.

முகமூடி மாட்டிய ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டபிறகு குழாயைக் காலி செய்தேன். எல்லாம் ஒரே செய்தி: வாயு எல்லை மீறியது, அறைக்குள் போகக்கூடாது.

நான் போன் பக்கத்திலேயேதான் இருந்தேன், ஐயா. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள்தான் கூப்பிடவில்லை.