ஊசியண்ணன் கெடுக்காத எண்பத்தெட்டுச் சுத்தியல்கள்

மேடையில் அமர்ந்து, இவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பெரியவர்களே! இசைப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே! முதல் வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே! பியானோ பழுதுபார்ப்போர் சங்கத்துத் தோழர்களே! என்ன உளறப் போகிறேனோ என்று பயந்து மூன்றாவது வரிசையில் ஒளிந்திருக்கும் என் மனைவியே, மாமனாரே! அனைவருக்கும் என் வணக்கம்.

நம் ஊசியண்ணன் போய் இரண்டு வாரம் ஆகிறது. அவரும் நானும் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே பட்டறை. கம்பி என் வேலை. பியானோவுக்குள் கம்பியை அடிக்கும் சுத்தியல் அவர் வேலை. முளையில் மூன்று சுற்றுச் சுற்றிப் புதுக் கம்பியை முறுக்கி ஏற்றுவேன். ஒரே வாரத்தில் அது தளரும். மறுபடி ஏற்றுவேன், மறுபடி தளரும். "கம்பியும் உன்னை மாதிரிதான்டா, சொன்ன இடத்துல நிக்காது" என்பார்.

அவருடைய சுத்தியல்களோ கம்பளி சுற்றியவை. கம்பியில் அடித்து அடித்துக் கம்பளி இறுகிவிட்டால், பாத்திரம் விழுந்த மாதிரி ஓசை வரும். அண்ணன் ஊசி பொருத்திய கைப்பிடியை எடுத்துக் கம்பளியின் தோளில், அதாவது உச்சிக்குக் கீழே பக்கவாட்டில், ஒரு குத்து குத்துவார். விரலால் பியானோவின் கட்டையைத் தட்டுவார். கண்ணை மூடுவார். இன்னொரு குத்து. அவ்வளவுதான், தகரம் தேனாகிவிடும்! அந்தக் கையை இனி எங்கே பார்ப்போம்? அந்தக் காதை எந்தக் கடையில் வாங்குவோம்?

சற்று முன் தலைமையாசிரியை அம்மா பேசினார். "ஒரே ஒருமுறை எங்கள் பள்ளிப் பியானோவைக் கெடுத்தார். அதை என்றோ மன்னித்துவிட்டோம்" என்று பெருந்தன்மையோடு சொன்னார். கீழே உட்கார்ந்து அதைக் கேட்ட எனக்கு நாற்காலி கொதித்தது. அம்மா, யாரை மன்னித்தீர்கள்? கெடுத்தது அவரா? நான் அம்மா, நான்!

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், உங்கள் ஆண்டு விழாவுக்கு முந்தின நாள். அண்ணனுக்குக் காய்ச்சல். "தோள்ல மட்டும் குத்து, உச்சியைத் தொட்டுடாதே" என்று அவர் சொன்னது எனக்குத் தெரியும். ஆனால் நான் அறிவாளி இல்லையா? கம்பியில் படுவது உச்சிதானே, அங்கேயே குத்தினால் சீக்கிரம் முடியுமே என்று யோசித்தேன். எந்த வேலையையும் அரைகுறையாக விடாதவன் நான். எண்பத்தெட்டையும் குத்தி முடித்தேன்!

மறுநாள் காலை நீங்கள் வந்து வாசித்தீர்கள். தலையணையைத் தட்டுவது போல் 'தொப், தொப்' என்றது. "யார் இதைத் தொட்டது?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள், போர்வையோடு வாசலில் நின்ற அண்ணன் சொன்னார்: "நான்தான்மா."

"இனிமே இந்தப் படி ஏறாதீங்க" என்றீர்கள். பக்கத்தில் நின்ற யோக்கியனிடம் வேலையைக் கொடுத்தீர்கள். அந்த யோக்கியன் நான்தான்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவர் உன் வருங்கால மாமனார். அடுத்த மாசம் கல்யாணம். இது தெரிஞ்சா பொண்ணு குடுப்பாரா? எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. இனிமே கெட என்னடா இருக்கு?"

மன்னியுங்கள் அண்ணி, சொன்னது அவர்தான். மாமா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். பிள்ளைகளே இரண்டு ஆகிவிட்டன.

விழா ஒரு வாரம் தள்ளிப்போனது. பியானோவுக்குள்ளிருந்து சுத்தியல் வரிசையை இழுப்பறை போல உருவி எடுத்து அண்ணன் வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுபோனேன். நூல் கட்டி, அந்த நேர்கோட்டில் ஒவ்வொரு புதுச் சுத்தியலாக ஒட்டினார். நூலின் மறுமுனை அண்ணியின் கையில். வீடு முழுக்கப் பசை வாடை.

"சாப்பாடு ஆறுது, எந்திரிங்க!"

"சாப்பாடு ஆறினா சூடு பண்ணிக்கலாம். பசை ஆறினா போச்சு. நூலை ஆட்டாதே."

"நீங்க பேசாம இருந்தாலே நூல் ஆடாது!"

அந்தச் சமையலறையை நினைத்தால் இன்னும் எனக்கு அந்த வாடை அடிக்கிறது.

அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டு விடுமுறையிலும், தலைமையாசிரியை அம்மா வெளியூர் போனதும், நாங்கள் இருவரும் பள்ளிக்குள் நுழைவோம். என் கருவிப் பெட்டியைச் சுமந்து பின்னால் வருவார். "யாரு இவரு?" என்பார் காவலாளி. "என் கையாள்" என்பேன். உள்ளே போனதும், "மொதலாளி, பெட்டியை எங்கே வைக்கட்டும்?" என்று குனிந்து கும்பிடுவார் அந்தக் குறும்புக்காரர். விடுமுறை முடிந்து வந்த அம்மா, "உங்க கை பட்டாலே பியானோ பாடுது" என்று என்னைப் புகழ்வார். நானும் வெட்கமே இல்லாமல் வெட்கப்படுவேன்.

"இந்த வருஷம் சொல்லிடறேண்ணே" என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்!

"சொன்னா என்னை உள்ளே விடுவாங்க, உன்னை வெளியே தள்ளுவாங்க. அப்புறம் கம்பிக்கு யாரு? சும்மா இரு."

சும்மா இருந்தேன். என் வாழ்நாளில் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

ஆனால் இன்று, அவர் படத்துக்கு முன்பாகவே அந்தப் பழி மறுபடி அவர் மேல் விழுந்தபோது, அதற்கு மேல் முடியவில்லை. அம்மா, எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் பியானோவின் முதல் கட்டையை உருவி, வெளியே தெரியாத பக்கவாட்டில் செய்தவர் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதுவோம். உங்கள் பியானோவில் பதினெட்டு வரிகள் இருக்கின்றன. பதினெட்டிலும் என் பெயர். ஒவ்வொரு முறையும் பென்சிலை என் கையில் திணித்தவர் அவர்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு உங்கள் பள்ளி வாசலில் நிற்பேன். உள்ளே விடுவதும் விடாததும் உங்கள் விருப்பம். விட்டால், அந்தப் பதினெட்டுப் பெயர்களையும் அழித்துவிட்டு அவர் பெயரை எழுதுவேன். பிறகு ஊசியை எடுத்து, தோளில் மட்டும், பயந்து பயந்து, இந்த ஆண்டு வேலையை நானே செய்வேன். அது எப்படி வந்தாலும் சரி, பத்தொன்பதாவது வரியில் என் பெயரைப் போடுவேன். இதுவே அண்ணன் முன் நான் ஏற்கும் உறுதி.