கொன்ஸ்ரன்ரைன் பிழையாகச் சொன்ன கதை

எனக்குப் புத்தகம் வாசிக்கும் பழக்கம் உண்டு, ஐயா. விசாரணையை அங்கிருந்தே தொடங்கலாம். மன்னாரில் கயிறு பிடிக்கிறவன் எவனும் ஆங்கிலம் வாசிப்பதில்லை. நான் வாசித்தேன், வாசிக்கிறேன் என்பதை ஊருக்கெல்லாம் தெரியப்படுத்தியும் வைத்தேன். அந்தோனிமுத்து என்ற என் பெயருக்கு முன்னால் யாராவது 'பண்டிதர்' என்று சேர்ப்பார்கள் என்று பத்து வருடம் காத்திருந்தேன். சேர்க்கவில்லை.

முத்துக்குளிப்பில் கடலில் இறங்குகிறவன் தன் கயிற்றை மனைவியின் சகோதரன் கையில்தான் கொடுப்பான். தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான் என்ற நம்பிக்கை. கொன்ஸ்ரன்ரைன் என் தங்கை அன்ரோனெற்றின் புருசன். "கயிறு உங்கட கையில எண்டால் எனக்குப் பயமில்லை, அண்ணை" என்பாள் அவள். அவனுக்கும் பயமில்லை. மற்றவர்கள் பாதி மூச்சு இருக்கும்போதே, மேலே இழுக்கச் சொல்லிக் கயிற்றை அசைப்பார்கள். அவன் கடைசி மூச்சில்தான் அசைப்பான்.

இந்த முறை முத்துக்குளிப்பு நடந்த மரிச்சுக்கட்டிக்கு வந்த வெள்ளைக்கார டொக்டர் ஒரு புத்தகத்தை எறிந்துவிட்டுப் போனார். எகிப்தியரின் பழங்கதைகள். செத்தவன் நாற்பத்திரண்டு தெய்வங்களுக்கு முன்னால் 'நான் திருடவில்லை, பொய் சொல்லவில்லை' என்று நாற்பத்திரண்டு மறுப்புச் சொல்ல வேண்டுமாம். பிறகு அவன் இதயத்தைத் தராசில் ஓர் இறகுக்கு எதிரே வைப்பார்கள். பறவைத்தலைத் தெய்வம் ஒன்று, உங்கள் கிளாக்கரைப் போலவே, பக்கத்தில் நின்று எழுதும். இதயம் கனத்தால் முதலைத்தலை மிருகம் தின்றுவிடும். மூன்று நாள் சோறு தண்ணீர் மறந்து அதையே யோசித்தேன். பிறகு, என் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள், கொன்ஸ்ரன்ரைனுக்குச் சொன்னேன்.

மறுநாள் பின்னேரம் தேத்தண்ணிக் கொட்டிலில் ஒரே கூட்டம். நடுவில் அவன், நான் சொன்ன கதையைச் சொல்லிக்கொண்டு. இறகு கடற்காகத்தினுடையதாம். செத்தவன் தராசை எட்டிப் பார்த்து, "என்ர மச்சானைக் கூப்பிடுங்கோ, அவன் படிச்சவன், மற்றத் தட்டைப் பிடிச்சு இழுப்பான்" என்றானாம். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் திருத்தினேன். எங்கள் தோணியை நடத்தும் தண்டயல் சனூன், "நீ பொறு அந்தோனி, அவன் சொல்லட்டும்" என்றார். எனக்குப் பொறாமை ஒன்றுமில்லை. பிழை பிழைதானே என்று நினைத்தேன். கடலுக்குப் போகும்வரை அதை மட்டுமே நினைத்தேன்.

காலையில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டே அவன் சொன்னான்:

"மச்சான், பின்னேரம் முடிவையும் சொல்லப்போறன். அந்த முதலை இதயத்தைத் தின்னாது. பாவமெண்டு விட்டிடும்."

"தின்னும். புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு."

சிரித்துக்கொண்டே இறங்கினான்.

கயிறு அசைந்தது. அந்த முடிவை எந்தப் பக்கத்தில் வாசித்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தரம் அசைந்தபோது பக்கம் நினைவுக்கு வந்துவிட்டது. மூன்றாம் தரம் மெல்லத்தான் அசைந்தது. தோணியில் ஒவ்வொருவனும் தன் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு சும்மா கிடந்த பிறகு இழுத்தேன்.

செத்தவீட்டில் சனூன் என்னைப் பார்த்து, "அவன் சொன்ன கதையை ஒருக்கால் சொல்லு, கேப்பம்" என்றார். கடைசியில் என்னிடமும் கேட்டார்கள். சரியான கதையைச் சொன்னேன், இறகு உண்மையின் தெய்வத்தினுடையது என்பதிலிருந்து. ஒருவரும் சிரிக்கவில்லை. பாதியில் அன்ரோனெற் கேட்டாள்:

"அண்ணை, கயிறு எத்தினை தரம் அசைஞ்சது?"

நான் பொய் சொல்லாதவன். "மூண்டு" என்றேன்.

நாற்பத்திரண்டு மறுப்பில் நாற்பத்தொன்றை இப்போதும் கூசாமல் சொல்வேன், ஐயா. கொலை செய்யவில்லை என்ற ஒன்றைத்தான் சொல்ல முடியாது. கொன்ஸ்ரன்ரைனை நான்தான் கொன்றேன். ஆனால் கதையைப் பிழையாகச் சொன்னது அவன். அதையும் கிளாக்கர் எழுதட்டும்.