காந்த பிரேக்

— வாசல்ல இருக்கீங்களா, கொல்லைப்பக்கம் போயிட்டீங்களா? சத்தமே காணோமே.

— ஜன்னலைத் தாண்டுறேன்டி. செயின் இருந்தாத்தானே சத்தம் வரும்?

— ஆமா, பெரிய சாதனை! சைக்கிள்னா தெருமுனையில திரும்பும்போதே கடகடன்னு கேக்கணும். அந்தச் சத்தத்தை வச்சுத்தானே நான் உலை வைப்பேன்.

— செயின் வேணாம், பேரிங் வேணாம், கிரீஸ் வேணாம். எல்லாம் காந்தம். ஒண்ணோட ஒண்ணு உரசாது, தேயாது. பட்டறையில அத்தனை பேரும் வாயைப் பிளந்தானுங்க...

— பிளந்தது போதும். என் கொண்டை ஊசியைக்கூட இழுத்துக்கிச்சு உங்க சக்கரம்.

— இன்னும் அதுலதான் ஒட்டிக்கிட்டிருக்கு. எடுத்துத் தர்றேன், இரு.

— இறங்கி உள்ள வந்து குடுங்க. செக்கு மாடு மாதிரி எத்தனை தடவைதான் வீட்டைச் சுத்துவீங்க?

— இப்ப தண்ணித் தொட்டிப் பக்கம்... இதோ, சமையக்கட்டுப் பக்கம்... என்னடி, பேச்சைக் காணோம்?

— ஜன்னல்லதான் நிக்கிறேன். குரல் போகுது, ஆளைக் காணோமே.

— இருட்டிடுச்சுல்ல, அதான்.

— இருட்டலைங்க. வெயில் அடிக்குது. சரி சரி, பிரேக்கைப் பிடிங்க.

— பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— அப்புறம் என்ன?

— காந்த பிரேக்கு அப்படித்தான். வேகமாப் போனா இறுக்கிப் பிடிக்கும். வேகம் குறையக் குறைய பிடியும் குறைஞ்சிடும். மெதுவாக்கும்... நிறுத்தாது.

— இதைத்தானே நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்! பழைய ரப்பர் கட்டை ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும்னு...

— அதையும் வச்சா பாதிக் கிணறு தாண்டின கதையாயிடும்னு... கழட்டிட்டேன்.

— எப்போ?

— காலையில. நீ குளிக்கப் போனப்போ.

— ...

— திட்டேன்டி. ஏன் திட்ட மாட்டேங்கிற?

— காலை ஊனி நிறுத்துங்க.

— காலு தரையில பட மாட்டேங்குது.

— சீட்டை ஏத்தி வச்சிருப்பீங்க.

— ஏத்தலையே...

— அப்போ காலையில, அந்த ரயில்வே கேட் சரிவுல எப்படி நிறுத்தினீங்க?

— ரயில்வே கேட் மூடியிருந்துச்சு. பிரேக்கைப் பிடிச்சேன். நடக்குற வேகத்துக்கு வந்துச்சு... அப்புறம் ஊர்ற வேகம்... எனக்கே சிரிப்பு. கேட்டுக்கு அடியில பூனை மாதிரி நுழையுது வண்டி.

— குதிச்சிருக்கலாம்ல? குதிச்சிருக்கலாம்லங்க?

— இன்னும் ஒரு அடியில நின்னுடும்னு நெனச்சேன். நான் செஞ்ச வண்டிடி. நம்பிட்டேன்.

— ரயிலு...

— அது போயிடுச்சு. நான் வீட்டுக்கு வந்துட்டேன். கூடத்துல யாருடி அழறது?

— டிவிங்க.

— எங்க அக்கா குரல் மாதிரி இருக்கு.

— டிவின்னு சொல்றேன்ல. ஏங்க... போன சுத்தைவிட மெதுவா வர்றீங்களே.

— ம். நிக்கப்போகுது போலிருக்கு.

— பிரேக்கை விடுங்க.

— என்னது? இவ்வளவு நேரமா நிறுத்து நிறுத்துன்னு உசுரை வாங்கின?

— தப்புத்தான், விடுங்க! நல்லா மிதிங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க சுத்திக்கிட்டே இருங்க.

— உள்ள வரச் சொன்னியே...

— வேணாம். உள்ள மட்டும் வந்துடாதீங்க. எனக்குப் பயமா இருக்கு.

— என்னைப் பாத்தா?

— நீங்க நின்னுடுவீங்களோன்னு.

— ...

— ஏங்க, இருக்கீங்களா? என் கொண்டை ஊசி சக்கரத்துல இருக்கான்னு பாருங்க.

— இருக்குன்னுதானே சொன்னேன்.

— நல்லாப் பாருங்க. அது என் கையில இருக்குங்க. மத்தியானமே வண்டியைக் கூடத்துல கொண்டாந்து போட்டுட்டாங்க. நெளிஞ்ச சக்கரத்துலேருந்து நான்தான் பிடுங்கினேன்.

— தெரியும்டி. அந்த வண்டிக்குப் பக்கத்துல யாரைப் படுக்க வச்சிருக்காங்கன்னும் தெரியும். ஒவ்வொரு சுத்துலயும் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தானே போறேன்.