பூந்தமல்லி பாக்கி

நாகவல்லி: ...உப்பு கம்மின்னா கம்மின்னு சொல்லு. சட்டிய அந்தாண்ட தள்றியே, அது இன்னா பழக்கம்?

கோதண்டம்: உப்புக்காவ இல்லமே, கூழே வாணாம்ன்றேன். மூணு வருசமா காலைல கூழு, ராத்திரி கூழு. நாளெல்லாம் ரயில்ரோட்ல கல்லு கொத்திட்டு வரேன். சம்பளம் வாங்குற அன்னிக்காவது சோறு போடக் கூடாதா?

நாகவல்லி: கடன் கீது.

கோதண்டம்: ஒரு துண்டு கருவாடு?

நாகவல்லி: கடன் கீதுன்னேன்.

கோதண்டம்: எப்பப் பாரு இதே பாட்டு! வெத்திலைக்கு காலணா கேட்டா கடன் கீது. தலைக்கு எண்ணெ கேட்டா கடன் கீது. எல்லம்மா மாங்காடு கோயிலுக்கு போவணும்னு அழுதா, அந்தக் கொயந்தைகிட்டயும் கடன் கீது! அது தூக்கத்துல கூட அத்தயே பெனாத்துது, தெரியுமா?

நாகவல்லி: பெனாத்தட்டும். அப்பன் பண்ண வேலைய பொண்ணு தெரிஞ்சிகினா நல்லதுதான்.

கோதண்டம்: இப்ப எத்தினி பாக்கி? பூந்தமல்லி செட்டியாருக்கு இன்னும் எத்தினி குடுக்கணும்?

நாகவல்லி: இன்னாத்துக்கு இப்போ...

கோதண்டம்: கேக்குறேன், சொல்லு.

நாகவல்லி: கீது... ஒரு நாப்பது ரூவா.

கோதண்டம்: ஆடியிலயும் நாப்பதுன்னே.

நாகவல்லி: வட்டி ஏறாதா? நீ இன்னா கணக்குப்புள்ளயா? சம்பளத்த என் கையில குடு, மிச்சத்த நான் பாத்துக்குறேன்.

கோதண்டம்: செவுத்துல கரிக்கோடு போட்டு வெச்சிகீறியே, மாசத்துக்கு ஒண்ணா அழிச்சா சீக்கிரம் தீந்துடும்னு. எல்லம்மா ஆசையா அழிக்குது. மறுநாளு பாத்தா புதுசா ஒரு கோடு மொளைக்குது! இன்னா, செவுரு குட்டி போடுதா?

நாகவல்லி: அது... எனக்கு எண்ணத் தெரியாம...

கோதண்டம்: உனக்கா? ஒரு படி கேவுருல எத்தினி மணின்னு கேட்டாலும் சொல்லுவே. நாகு, கற்பூரத்த ஏத்து.

நாகவல்லி: இன்னாது?

கோதண்டம்: கற்பூரத்த ஏத்தி, அது மேல அடிச்சி சத்தியம் பண்ணு, நாப்பது ரூவா பாக்கி கீதுன்னு.

நாகவல்லி: ஊட்ல கற்பூரம் இல்ல. அது விக்கிற வெலையில...

கோதண்டம்: ஆங்! அதுக்கும் துட்டு இல்லியா!

நாகவல்லி: யோவ், கத்தாத. பக்கத்தூட்டு கெங்கம்மா காதுல உழும்.

கோதண்டம்: உழட்டும்! கொரட்டூரே கேக்கட்டும்! கட்ன புருசங்கிட்ட மாசக்கணக்குல பொய் சொல்லிகினு கீறவள ஊரு தெரிஞ்சிக்கட்டும்.

நாகவல்லி: ...இன்னா பொய்?

கோதண்டம்: தையிலயே தீந்துபோச்சாமே கடன்! காலணா பாக்கி இல்லாம! செட்டியாரே சொன்னாரு.

நாகவல்லி: ...வாயத் தொறக்க மாட்டேன்னாரே அந்த மனுசன்.

கோதண்டம்: அப்ப நெசந்தான்! அடிப்பாவி... பீடிய உட்டேன். செருப்பு பிஞ்சதுக்கு அப்புறம் வேற வாங்காம சல்லிக்கல்லு மேல வெறுங்காலோட நடந்துகினு கீறேன். 'தீந்துபோச்சுய்யா'ன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சிடும்? ஒரு நாளு நான் சந்தோசப்பட்டிருக்க மாட்டேனா? என்னை இன்னான்னு நெனச்சே நீ?

நாகவல்லி: சொல்லட்டா? தாங்குவியா?

கோதண்டம்: சொல்லுமே!

நாகவல்லி: அது யாரு கடன்? நீ வாங்கினியா, நான் வாங்கினேனா? உன் தம்பி துலுக்கானம் ஜட்கா வண்டி வாங்கணும்னு நூத்தம்பது ரூவா கேட்டான். 'உங்க அண்ணன் ரயில்வே சம்பளக்காரன், அவன் ஜாமீன் கையெழுத்து போட்டா தரேன்'னாரு செட்டியாரு. நீ சட்டைய மாட்டிகினு ஓடினே. உங்க ஊட்ல எல்லாரும் கைநாட்டு, உனக்கு ஒருத்தனுக்குத்தான் கையெழுத்து தெரியும். எவனாவது 'அண்ணாத்தே, ஒரு கையெழுத்து'ன்னா போதும், மயங்கிப் போயிடுவே.

கோதண்டம்: கூடப் பொறந்தவன்மே...

நாகவல்லி: கூடப் பொறந்தவன் இன்னா பண்ணான்? ஜட்காவ வித்துட்டு ரங்கோன் கப்பல் ஏறிட்டான்! நம்ம ஏரிக்கரை அரைக்காணி நெலம் போச்சு. என் கம்மல் போச்சு. செட்டியாரு மூஞ்சில முழிக்க வெக்கமா கீதுன்னு நீ ஊட்ல குந்திகினே. மாசாமாசம் வெயில்ல பூந்தமல்லிக்கு நடந்தவ யாரு? நானு!

கோதண்டம்: அதுக்காவ பொய்...

நாகவல்லி: குறுக்க பேசாத! கடன் கீற வரைக்கும் உன்னாண்ட எவனாவது கைய நீட்டினானா? கோவிந்தன் மச்சான் ஜாமீனுக்கு வந்தாரே, நீ இன்னா சொன்னே? 'என் தலையிலயே பாக்கி கீது மச்சான்'னே. எந்திரிச்சி போய்ட்டாரு. உனக்கு இல்லன்னு சொல்ல வாயி வராதுய்யா. அந்தக் கடன்தான் உனக்கு பதிலா இல்லன்னு சொல்லிகினு இருந்திச்சி. அதான் கோட்ட அழிக்க அழிக்க திருப்பிப் போட்டேன். பொய்தான். இன்னும் பத்து வருசமானாலும் சொல்லியிருப்பேன்.

கோதண்டம்: அவ்ளோ கேவலமா போய்ட்டேனா நானு?

நாகவல்லி: கேவலமில்ல, பயம். உன் நல்ல மனசு மேல எனக்கு பயம்யா.

கோதண்டம்: ...தையிலேர்ந்து குட்த்த துட்டெல்லாம் எங்கமே?

நாகவல்லி: நம்ம அரைக்காணிய வாங்கினாரே முதலியாரு, அவராண்ட.

கோதண்டம்: அவராண்ட இன்னாத்துக்கு?

நாகவல்லி: இன்னாத்துக்கா? திருப்பி வாங்கறதுக்குத்தான்! காலைத் தொடாத கொறையா கெஞ்சினேன். மாசாமாசம் குடு, வர தை மாசம் எழுதித் தரேன்னாரு. இன்னும் மூணு சம்பளம்தான். மூணு மாசம் இந்தக் கூழக் குடி, அப்புறம் நம்ம நெல்லு, நம்ம சோறு... இன்னாய்யா முழிக்கிற?

கோதண்டம்: மதகாண்ட கீதே... அந்த அரைக்காணியா?

நாகவல்லி: பின்ன, வைஸ்ராய் பங்களாவா? அதேதான். உன் பேருக்கே எழுதச் சொல்லியிருக்கேன். அந்தக் கையெழுத்த அங்க வந்து போடு, நானே பக்கத்துல நின்னு பாக்குறேன். சந்தோசப்படணும்னியே, இப்ப படு... யோவ், இன்னா? அழுவுறியா?

கோதண்டம்: இத்த... இத்த நேத்து சொல்லியிருக்கக் கூடாதா, நாகு?

நாகவல்லி: நேத்து இன்னா, இன்னிக்கி இன்னா? ...இரு. செட்டியாரு சொன்னாருன்றியே, அவர நீ எங்க பாத்தே?

கோதண்டம்: பூந்தமல்லியிலதான்.

நாகவல்லி: அந்தத் தெருப்பக்கமே தல வெச்சிப் படுக்க மாட்டியே நீ. வேல நாள்ல அங்க இன்னா வேல?

கோதண்டம்: சும்மா... மேஸ்திரியாண்ட அரை நாளு சொல்லிட்டு...

நாகவல்லி: அரை நாளு சம்பளத்த உட்டுட்டு சும்மாவா? ஊட்டுக்குள்ள வரும்போதே காரணம் இல்லாம கோவத்த இஸ்துகினு வந்தே. என் மூஞ்சியப் பாரு... பாருய்யா! இன்னாத்துக்கு போனே?

கோதண்டம்: காலைல துலுக்கானம் ஸ்டேசனாண்ட வந்தான், நாகு. ரங்கோன்லேர்ந்து திரும்பிட்டான்... வத்தலா கீறான். கடை போடணும், ஜாமீன் போடுண்ணான்னு கால்ல உழுந்தான். சத்தியமா நான் ஒத்துக்கல. என் தலையிலயே பழைய பாக்கி கீதுடா, என் கையெழுத்து செல்லாதுன்னேன். நம்ப மாட்டேன்னான். சரி, செட்டியாரு வாயாலயே கேட்டுக்கோன்னுதான் கூட்டிகினு போனேன்... அவரு சிரிச்சாரு. 'உன் பேர்ல காலணா பாக்கி இல்ல கோதண்டம், உன் பொண்டாட்டி கட்டின ஒழுங்குக்கு உன் கையெழுத்த நம்பி எரநூறு தரலாம்'னாரு. இவன் என் கைய புடிச்சிகினு நிக்கறான்... போட்டுட்டேன்.