அந்தக் கையைப் பிடிக்காதீர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் தாளாளர் அவர்களே, உடன் வேலை பார்க்கும் ஆசிரியைகளே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. மணல் டீச்சர் இருந்திருந்தால், "சுருக்கமா முடிங்க மேடம், பிள்ளைங்களுக்குப் பசிக்கும்" என்றிருப்பார்.

நம் மழலையர் பள்ளியின் மூத்த ஆசிரியை அவர். தட்டில் மணல் பரப்பி, விரலால் பெயர் எழுதப் பழக்கியதால் மணல் டீச்சர் ஆனார். போன வாரம் நம்மை விட்டுப் போய்விட்டார். அவர் பொறுமையின் வடிவம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். பொறுமையா! பிள்ளைகளிடம் காட்டினார். நம்மிடம் துளியும் காட்டியதில்லை. ஏன் காட்ட வேண்டும்?

அவருடைய விதி ஒன்றே ஒன்று. எழுதும் பிள்ளையின் கையை யாரும் பிடிக்கக் கூடாது. முதலில் மணல். பிள்ளையே வந்து கேட்டால்தான் பென்சில். இதற்காக எத்தனை பேச்சு வாங்கினார்!

ஒரு நாள் ஒரு தாய் வந்தார். அவர் இங்கேதான் இருக்கிறார். இதைச் சொல்லச் சம்மதித்தவரும் அவரே.

"நாலு வயசாச்சு டீச்சர். வீட்டுல முத்து முத்தா பேர் எழுதுறா. இங்க வந்தா மண்ணைக் கிளறிட்டு உட்கார்ந்திருக்கா."

டீச்சர் தாளும் பென்சிலும் கொடுத்தார். சிறுமி பென்சிலைப் பிடித்தாள். பிடித்துவிட்டு, மணிக்கட்டை அம்மாவின் பக்கம் நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"பாத்தீங்களாம்மா? எழுதுறது நீங்க. இவ சும்மா துணைக்கு வர்றா."

தாளாளரிடம் புகார் போனது. மேலேயே எழுதிப் பழகப் புள்ளி வைத்த தாள்கள் வந்தன. மணல் தட்டுகள் துடைப்பம் வைக்கும் அறைக்குப் போயின. டீச்சர் அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மறுபடி போயின, மறுபடி வந்தன. கடைசிவரை இதே இழுபறி. இப்போது அவை துடைப்ப அறையில்தான் இருக்கின்றன.

அவர் போன பிறகாவது நமக்குப் புரிந்ததா? எனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். பிள்ளைகள் அவருக்காக வண்ணம் தீட்டித் தங்கள் பெயர் எழுதிய அட்டைகள். என்ன அழகான கையெழுத்து! கோணல் இல்லை, நடுக்கம் இல்லை. மூன்றரை, நாலு வயதில் எல்லோருக்கும் அப்பா அம்மாவின் கையெழுத்து! அவருடைய அஞ்சலிக்கே கையைப் பிடித்து எழுத வைத்திருக்கிறோம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கீழ் வரிசையில், ஓரத்தில் ஒரு அட்டை இருக்கிறது. பெயருக்கு இடம் போதாமல், மீதி எழுத்துகள் விளிம்பில் நெட்டுக்குத்தாக ஏறுகின்றன. மணிக்கட்டை நீட்டிய அதே சிறுமி எழுதியது. காலையில் நான் அட்டையைப் பிடித்துக்கொள்ளப் போனேன். "தொடாதீங்க மிஸ், நானே" என்றாள். பக்கத்தில் நின்ற அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தாளாளர் அவர்களே, திங்கட்கிழமை மணல் தட்டுகள் வகுப்புக்குத் திரும்புகின்றன. அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். பெற்றோர்களே, நீங்கள் எழுதிய அட்டைகளை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அந்த ஒன்று சுவரிலேயே இருக்கட்டும்.

டீச்சர், உங்களுக்கு வந்த அஞ்சலி அது ஒன்றுதான். மற்றவை வரத் தாமதமாகும். பிள்ளைகளே எழுத வேண்டும் அல்லவா?